ஆற்றோசைக்கு அடியில் ஒரு குரல்

பணி ஓய்வுக்குப் பிறகு, அயல்நாட்டுப் படங்களுக்குத் தமிழில் உரையாடல் எழுதும் வேலை என்னைத் தேடி வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அயல்நாட்டு வீரர்களும் விலங்குகளும் நம் திரையரங்குகளில் தமிழ் பேசத் தொடங்கியிருந்த காலம். மயிலாப்பூரிலிருந்து பேருந்தேறி, தியாகராய நகரின் துணிக்கடை நெரிசலைக் கடந்து, ஒரு சந்தின் மாடியிலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்தை அடைவதற்குள்ளேயே களைத்துவிடுவேன்.

அங்கு என் கைக்கு வந்த படங்களுள் ஒன்றில், வெள்ளையன் ஒருவன் கறுப்பின மக்களின் நாட்டிற்குப் புதையல் தேடிச் செல்கிறான். கதை எனக்குப் புதிதன்று. கல்லூரி நாள்களில் வாடகை நூலகத்து நாவல்களில் இத்தகைய துரைகளை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். துரை வழி தவறினால் அது துணிவு. அவனுக்குச் சுமை தூக்குபவன் சரியான வழியைச் சொன்னால் அது மூடநம்பிக்கை. நம்மை ஆண்டவர்கள் கப்பலேறி அரை நூற்றாண்டு ஆகவிருந்தது. இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

படத்தின் நடுவே ஓர் ஆறு. சுமைதூக்கி ஒருவன் கையை உயர்த்தித் துரையிடம் ஏதோ சொல்கிறான். துரை நகைத்துவிட்டுப் படகைத் தள்ளச் சொல்கிறான். வெள்ளம் அடித்துக்கொண்டு போவது அந்தச் சுமைதூக்கியை. மறுகரையில் நின்று, ‘பாவம், ஆற்றைப் பேயென்று அஞ்சினான்’ என்கிறான் துரை. சுமைதூக்கி அஞ்சியது வெள்ளத்தை. ஆனால் அது எவருக்கும் விளங்காது. ஏனெனில் அவன் வாயிலிருந்து வந்தவை எந்த மொழியிலும் சேராத வெற்றொலிகள்.

நான் அவனுக்கு ஒரு வரி எழுதினேன்: ‘ஐயா, வெள்ளம் பெருகி வருகிறது, இறங்க வேண்டா.’

குரல் பதிவை நடத்திய இயக்குநர் தலையைச் சொறிந்தார். அயல்நாட்டார் உரையாடலை நீக்கிவிட்டு, இசையும் பிற ஓசைகளும் கொண்ட நாடாவை அனுப்புவர். அதன்மேல் நாம் தமிழை ஏற்ற வேண்டும். துரையின் பேச்சு அவ்வாறே நீக்கப்பட்டிருந்தது. சுமைதூக்கியின் பேச்சு நீக்கப்படவில்லை. பறவை, யானை, ஆறு ஆகியவற்றோடு அது ஓசை நாடாவிலேயே கிடந்தது.

“அவன் பேசறது டயலாக்கே இல்ல சார், எஃபெக்ட்ஸு. நம்ம படத்துல காட்டுவாசி இப்படித்தானே கத்துறான்? யாராவது ஏன்னு கேட்டாங்களா?” என்றார் இயக்குநர்.

அவர் சொன்னது மெய்தான். துரைகள் விட்டுச் சென்ற நாற்காலியில் நம் கதாநாயகர்கள் அமர்ந்து வெகுநாளாகிவிட்டது.

அப்போது குரல் கலைஞர் ஒருவர் முன்வந்தார். திருவல்லிக்கேணிக்காரர், கூட்டத்தின் கூச்சலுக்கு மட்டுமே பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வந்தவர். தனி வரி ஒன்று அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

“குடு நைனா, நான் பேசிக் காட்றேன். நல்லா இல்லேன்னா அழிச்சுடு.”

“இவனுக்கு சான்ஸ் வேணும், சாருக்கு நியாயம் வேணும். நடுவுல நான் மாட்டிக்கினேன்” என்றார் இயக்குநர்.

என் வரி திரையின் வாயசைவைவிட நீண்டிருந்தது. கலைஞர் அதைக் குறுக்கினார்: “தொரே, தண்ணி ஏறுது! எறங்காத!” தூய தமிழுக்காக வாதிட எனக்கு அன்று தெம்பில்லை, விருப்பமும் இல்லை. பதிவு முடிந்தது. “டேய், மிரட்டிட்டடா” என்றார் இயக்குநர். படம் வந்ததும் மனைவியை அழைத்து வருவதாகக் கலைஞர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒலிகளைக் கலக்கும் நாளன்றுதான் இடர் தெரிந்தது. வெற்றொலியை அடக்க ஓசை நாடாவின் ஒலியைத் தாழ்த்தினால் ஆறும் ஊமையானது. வேறோர் ஆற்றோசையைச் சேர்க்கலாம் என்றேன். படத்தை வாங்கித் தமிழில் வெளியிடுபவர் மறுத்தார். “வெள்ளிக்கிழமை ரிலீஸ் சார். ஆறு செத்தா சீனே செத்துடும். அவர் குரலும் இருக்கட்டும், கொஞ்சம் அடியில.” நெடுநேரம் மன்றாடிவிட்டு அமர்ந்துவிட்டேன்.

இதைக் கலைஞரும் அறிவார். ஆயினும் சொன்னபடியே மனைவியோடு தியாகராய நகர்த் திரையரங்கிற்கு வந்து என்னருகே அமர்ந்தார். ஆறு வந்தது. சுமைதூக்கி கையை உயர்த்தினான். அரங்கமே அதிர வெள்ளம் இரைந்தது. அதனூடே அந்த வெற்றொலி. முன்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

“ஏன்யா, நீ எப்போ பேசுவ?” என்று கேட்டார் அவர் மனைவி.

“பேசிட்டேன்.”

“எங்க?”

“தண்ணி சத்தம் கேட்டுச்சில்ல? அதுக்கு அடியில.”

மனைவி விடவில்லை. “அந்தாளு இன்னாதான் சொன்னான்?”

கலைஞர் குனிந்து அவர் காதில் அந்த வரியைச் சொன்னார்.

“அவ்ளோ தெளிவா சொல்லிக்கீறான். அப்புறமும் ஏன் எறக்குனான் அந்தப் பாடையில போறவன்?” என்று மனைவி உரக்கவே கேட்டார். முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி அவரை அதட்டினார்.

திரையில், நான் எழுதிக் கொடுத்த பிழையற்ற தமிழில், ஒரு சொல்லும் சிதையாமல், சுமைதூக்கி ஆற்றைப் பேயென்று அஞ்சியதாகத் துரை சொல்லிக்கொண்டிருந்தான்.