பிடி என்று காதில் விழுந்தது

அந்த எண்ணம் என் குரலிலேயே பேசும். அதனால்தான் அதை வெளியாள் என்று தள்ள முடியவில்லை. காலையில் பல் தேய்க்கும்போதே தொடங்கிவிடும். 'உன் கை பட்டது எதுவும் விளங்காது.' குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், நான் பிரஷோடு நிற்பேன். வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "பஸ்ஸு வந்துரும்" என்பார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். அவர் மேல் குறையில்லை. எனக்கு என்ன செய்கிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடம் ஒன்றரை வருஷமாக மாத்திரை வாங்குகிறேன். தூக்கம் வந்தது, சோறு இறங்கியது. எண்ணம் மட்டும் போகவில்லை. "வந்தா வரட்டும்மா. அதோட சண்டைக்கு நிக்காதீங்க. விட்டுருங்க" என்றார் டாக்டர். எப்படி விடுவது என்று கேட்க வாய் வரை வந்தது. வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நான் அரூர் பக்கத்துக்காரி. வீட்டுக்காரருக்கு வேலை மாறியதால் சூளகிரிக்கு வந்தோம். ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை கிடைத்தது. இரும்பு வளையங்களை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் சிவப்புப் பெட்டியிலும், இல்லாவிட்டால் டிரேயிலும் போட வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை, அதனால் பிடித்திருந்தது. பக்கத்து மேஜையில் அத்திப்பள்ளியிலிருந்து வரும் கன்னடக்காரப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள், தமிழ் நன்றாகவே பேசுவாள்.

சேர்ந்த மூன்றாவது வாரம், நிரம்பிய டிரேயை இருவரும் தூக்கி ஸ்டாண்டில் வைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் மெஷின் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அவள், "பிடி! பிடி அக்கா!" என்று கத்தினாள். நான் இறுகப் பிடித்தேன். அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். நான் இன்னும் இறுக்கி என் பக்கம் இழுத்தேன். டிரே கவிழ்ந்தது. வளையங்கள் தரையெல்லாம் ஓடின. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சூப்பர்வைசர் வந்தார். "ஏம்மா, கையில வெண்ணெய் தடவிக்கினு வந்தியா?" எல்லாரும் சிரித்தார்கள். விழுந்ததை எல்லாம் பொறுக்கி மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

அன்றிலிருந்து எண்ணத்துக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. 'பிடி என்று சொல்லியும் பிடிக்கத் தெரியாதவள்.' அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. சாப்பாட்டுக்கு வேறு மேஜைக்குப் போனேன். ஒரு நாள் சித்ரான்னம் கொண்டுவந்து நீட்டினாள். வயிறு சரியில்லை என்றேன். 'நீ இல்லாவிட்டால் அவர்களுக்கு நிம்மதி' என்று எண்ணம் முதலில் கம்பெனியைப் பற்றித்தான் சொன்னது. பிறகு வீட்டைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தது. இதை எழுதவே கை தயங்குகிறது.

ஐந்தாவது வாரம் ஒரு கோடு போட்ட தாளில், உடல்நிலை சரியில்லாததால் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று எழுதினேன். நின்றுவிட்டால் பகல் முழுக்க வீட்டில் நானும் அந்தக் குரலும்தான். அது தெரிந்துதான் எழுதினேன்.

டீ நேரத்தில் சூப்பர்வைசர் அறைக்கு வெளியே தாளோடு நின்றேன். அவர் இன்னும் வரவில்லை. அவள்தான் வந்தாள்.

"என்னக்கா, லவ் லெட்டரா? போயும் போயும் இந்தாளுக்கா?"

"வேலைய வுட்டு நின்னுக்கலாம்னு."

"எதுக்கு?"

அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். "அன்னிக்கு நீ பிடி பிடின்னு அப்படிக் கத்துன. நானும் பிடிச்சேன். அப்பவும் உழுந்துருச்சு. என் கையே சரியில்ல."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அய்யய்யோ அக்கா! எங்க பாஷையில பிடின்னா விடுன்னு அர்த்தம்! பிடிக்கிறதுக்கு ஹிடி. என் விரல் அடியில மாட்டிக்கிச்சு. விடு விடுன்னு நான் கத்துறேன், நீங்க எமன் மாதிரி இழுக்குறீங்க! அந்த வலியில எனக்குத் தமிழ் எங்க வரும்?" கறுத்துப்போன நகத்தைக் காட்டினாள். "அப்புறம் மூஞ்சியத் திருப்பிக்கினு போனீங்க. எம்மேலதான் கோவம்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வாரம் என் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது ஒரு வார்த்தை. சரி, இனியாவது இறங்கும் என்று பார்த்தேன். 'அதைக்கூட உனக்குச் சரியாகக் கேட்கத் தெரியவில்லை' என்றது எண்ணம், உடனே.

அவள் தாளின் நுனியைப் பற்றி இழுத்தாள். நான் விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் வந்து உட்காருவது தெரிந்தது.

"பிடி அக்கா" என்றாள், மெதுவாக.

விட்டேன்.

சாயங்காலம் பஸ்ஸில் எண்ணம் வந்தது. 'பாவப்பட்டு வாங்கிக்கொண்டாள்' என்றது. "பிடி" என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அதற்குக் கன்னடம் தெரியாது போல. சூளகிரி வரை கூடவே வந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் போனேன். நான் எழுதிய தாள் நாலாக மடிந்து, எண்ணெய் ஊறி, அவளுடைய ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். எண்ணமும் கூடவே உட்கார்ந்தது. நான் டப்பாவைத் திறந்தேன்.