கதிரேசன் வாயில் வராத வார்த்தை

என் தங்கை சாந்தாமணியைக் கட்டிய கதிரேசன் விமானம் ஓட்டத் தெரிந்தவர். தொண்ணூற்று நாலில் அவிநாசிப் பக்கம் மாப்பிள்ளை ஓட்டுகிறார் என்று சொன்னால், "பஸ்ஸுங்களா, லாரிங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

லைசென்ஸ் வாங்கி மூன்று வருடமாகியும் எந்தக் கம்பெனியும் அவரை எடுக்கவில்லை. பீளமேட்டில் நான் கிளார்க்காக இருந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர் இடம் ஒன்று காலியானது. அதற்குத் தனித் தேர்வு உண்டு. தேர்வு வைக்கிறவர் மாணவன் போல் நடித்து, வேண்டுமென்றே தப்பாக ஓட்டுவார். இவர் "ஐ ஹேவ் கண்ட்ரோல்" என்று சொல்லி விமானத்தைத் தன் கைக்கு வாங்கவேண்டும். அவ்வளவுதான்.

தேர்வு வைக்க மெட்ராஸிலிருந்து வந்த லட்சுமிநாராயணன் சாருக்கு அறுபது வயது இருக்கும். இறங்கும் நேரத்தில் விமானத்தின் மூக்கை மேலே தூக்கிக்கொண்டே போனார். வேகம் குறைந்து, விமானம் விழப்போகிறது என்று எச்சரிக்கை ஒலி கத்துகிறது. எங்கள் மாப்பிள்ளை அப்போது சொன்னது இது: "சார், மூக்கைக் கொஞ்சம் எறக்குனீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

அடக் கடவுளே! நாயைக்கூட "போங்க சாமி" என்று விரட்டுகிற வாய் அது. பெரியவர் தானே விமானத்தைச் சரிசெய்து இறக்கிவிட்டு, ஃபெயில் என்று எழுதிவிட்டுப் போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "செத்துப்போறப்ப மரியாதை எதுக்குங்க மாப்பிள்ளை?" என்றேன்.

"பெரியவரு கையிலிருந்து எப்படிங்க புடுங்கறது?" என்றார்.

அதைக் கேட்க எனக்கும் யோக்கியதை கிடையாது. என் அப்பா தம்பிதுரை எங்கள் அம்பாசடரை யாருக்கும் கொடுக்கமாட்டார். அந்த ஒரு வருடத்தில் கேட் தூணில் இரண்டு தடவை இடித்தார். வாசல் வேப்பமரத்தில் ஒரு தடவை இடித்தபோது, நாற்பது வருடமாக நிற்கும் மரத்தை நாங்களும் கூடச் சேர்ந்து திட்டினோம். வெள்ளிக்கிழமை தோறும் அவர் ஓட்ட, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அவிநாசி கோயிலுக்குப் போய்வந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மறு தேர்வு. அதிலும் தோற்றால், அதே இடத்துக்குக் காத்திருக்கும் ஒரு திருச்சிக்காரருக்கு வேலை போய்விடும். சாந்தாமணி நாற்காலியில் உட்கார்ந்து, கரண்டியை விமானத்தின் கைப்பிடி மாதிரி பிடித்துக்கொண்டு அவரைப் பழக்கினாள். மாப்பிள்ளை அதட்டி வாங்கவேண்டும். "தாங்க அம்மணி" என்றுதான் வந்தது.

"பொண்டாட்டிகிட்டயே கெஞ்சுனா, அந்த சாருகிட்ட என்னத்தப் புடுங்குவீங்க?" என்று அவள் கத்தினாள்.

மறு தேர்வுக்கும் அதே சார் வந்தார், அதே தப்பைச் செய்தார். விமானம் இறங்கும்வரை நான் வேலிப் பக்கம் நின்றேன். இருவரும் ஆபீசுக்குள் வந்தார்கள். லட்சுமிநாராயணன் சார் காதைத் தேய்த்துக்கொண்டே, "என்னா சத்தம்யா! பாஸ்" என்றார்.

"மன்னிச்சுக்குங்க சார், கத்திப்போட்டனுங்க" என்றார் மாப்பிள்ளை.

அன்று வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை பாஸான சந்தோஷத்தில் கோயிலுக்குக் கிளம்பினோம். அப்பா வழக்கம்போல ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். நானும் சாந்தாமணியும் பின்னால் ஏறிக்கொண்டோம். மாப்பிள்ளை ஏறவில்லை. சுற்றி வந்து அப்பா பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"மாமா, நகருங்க. வண்டிய நான் ஓட்டறேன்."

சாந்தாமணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அப்பா சாவியை அப்படியே விட்டுவிட்டு இடப்பக்கம் நகர்ந்தார்.

"எதுக்க வர்ற வண்டி ஒரு வருசமா எனக்குச் செரியாத் தெரியறதில்லீங்க மாப்பிள்ளை. யாராச்சும் கேட்டு வாங்குவீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன்."

பெற்ற பிள்ளை நான் பின்சீட்டில் இருந்தேன். அவிநாசி போய்ச்சேரும்வரை என்னால் தலை நிமிர முடியவில்லை.