காகிதம் அடைத்த சுவர்

என் அத்தை லியோனிலா, படுக்கையில் கிடக்கும் கணவருக்காகத்தான் அந்தச் சுவரைக் கட்டினாள். போன புயலில் பலகைச் சுவர் பறந்தபோது, தியோடோரோ மாமாவைப் பாயோடு இழுத்துக்கொண்டு மழையில் தேவாலயம்வரை போனவள் அவள். இந்த முறை ஹாலோ பிளாக் கல், கல்லின் குழிகளுக்குள்ளே கம்பி, கம்பியைச் சுற்றி அடிவரை கலவை ஊற்றி நிரப்ப வேண்டும். கட்டியவன் மாமாவின் தம்பி டெல்ஃபின்.

ஊர்த் திருவிழா நெருங்கிவிட்டது. அன்று எங்கள் தீவில் எந்த வீட்டுக் கதவும் மூடியிருக்காது. வழியில் போகிறவரும் நுழைந்து சாப்பிடுவார். அதற்குள் பூசி வெள்ளையடிக்க வேண்டும். பூச்சு முடிந்த மறுநாள், மாமாவின் கொசுவலைக்காக அத்தை ஆணி அடித்தாள். ஆணி முழுவதும் உள்ளே போய்விட்டது. சுத்தியலால் இன்னொரு தட்டு தட்டினாள். கல் உடைந்தது. விரலை விட்டுக் கசங்கிய காகிதத்தை வெளியே இழுத்தாள். அதற்குக் கீழே குழி காலி. கம்பி தனியாக ஆடியது.

டெல்ஃபின் முற்றத்தில் பொரித்த வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

"இது என்னடா?"

"சிமெண்ட் பை, மனாய்." எங்கள் ஊரில் அக்காவையும் அண்ணியையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"சுவருக்குள்ள எதுக்கு?"

"கலவை கீழ எறங்காம இருக்கத்தான். மேல கொஞ்சம் ஊத்துனா போதும். பூசிட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"காத்துக்குத் தெரியும்."

"திருவிழாவுக்குள்ள முடின்னு நீங்கதான கழுத்தப் புடிச்சீங்க?"

"முடிக்கச் சொன்னேன். மூடச் சொல்லல."

உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார். "விடு லியோனிலா. தம்பி சும்மா செஞ்சு தர்றான்."

"சும்மா கட்டுனா, உன் தலைமேல விழும்போது மெதுவா விழுமா?"

அவள் உளியை எடுத்தாள். ஈரம்கூடக் காயாத பூச்சில், காகிதம் அடைத்திருந்த இடங்களுக்குக் கீழே வரிசையாகத் துளை போட்டாள். டெல்ஃபின் கொத்துக்கரண்டியை வீசியெறிந்துவிட்டுப் போனான். நான் கலவையைத் தண்ணியாகக் குழைத்துக் கொடுத்தேன். அவள் மத்தி மீன் டின்னால் துளைதுளையாக ஊற்றி, கம்பித் துண்டால் குத்திக் குத்தி இறக்கினாள். ஒவ்வொரு குத்துக்கும் டெல்ஃபினுக்கு ஒரு திட்டு.

திருவிழா அன்று வெள்ளையடிக்காத சுவரில் அம்மை வடுபோல ஒட்டுகள். வந்தவர்கள் பார்த்தார்கள், சாப்பிட்டார்கள். டெல்ஃபினும் வந்தான், அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு வராமலிருந்தால் ஊர் சும்மா விடாது. அத்தை நாற்காலியை இழுத்து மாமாவின் கட்டிலருகே, அந்தச் சுவரை ஒட்டிப் போட்டாள்.

"இங்க உக்காரு."

உட்கார்ந்தவன், யாரும் பார்க்காதபோது முதுகுக்குப் பின்னால் விரல் மூட்டால் தட்டிப் பார்த்தான். பிறகு கொஞ்சம் தள்ளித் தட்டினான். அத்தை சோற்றுத் தட்டை அவன் மடியில் தொப்பென்று வைத்தாள்.

"அங்க கெட்டி. அந்த ஓரம் இன்னும் பாக்கி. தின்னுட்டு ஊத்து."

அவன் தின்றான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு மத்தி டின்னைத் தேடினான்.