நீலக் கோடும் துளசிச் சாடியும்

பக்கத்து வீட்டுக்காரன் என் சகலன். மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஜெர்மனியில், ஹம் நகரத்தின் ஓரத்தில் இரண்டு வீடுகளையும் ஒரே காலத்தில்தான் வாங்கினோம். எங்கள் சாமிப் படங்கள் இன்றைக்கும் நடைவழி அலுமாரிக்குள் இருக்கின்றன. பின்வளவில் சாமிக்கென்று ஓர் அறை கட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் பின்வளவில் கட்ட நகரசபை விடாது.

பிறகு எங்கள் தெருவுக்குப் புதிய கட்டடத் திட்டம் வருகிறது என்று அறிவித்தார்கள். வரைபை ஒரு மாதம் நகரசபையில் பார்வைக்கு வைத்தார்கள். போய்ப் பார்த்தேன். வளவுகளுக்குக் குறுக்கே ஒரு நீலக் கோடு போட்டிருந்தார்கள்; அதற்கு உள்ளே கட்டலாம், வெளியே கட்ட முடியாது. அந்தக் கோடு சகலனின் வளவில் தாராளமாகப் பின்னுக்குப் போயிருந்தது. என் வளவுக்கு வந்ததும், பின்னால் ஓடும் வாய்க்காலைக் காரணம் காட்டி, வீட்டுச் சுவரோடு நின்றுவிட்டது.

“அண்ணை, எனக்கு ஒரு அறை போடலாமாம். எக்ஸசைஸ் மிசின் வைக்கப் போறன்,” என்றான் சகலன்.

கோயிலுக்குத் தேரன்று மட்டும் வருகிறவன். பிள்ளையாரே, இவனுக்கா கொடுத்தாய் என்று வயிறு எரிந்தது.

அந்த மாதத்துக்குள் யாரும் ஆட்சேபணை எழுதலாம். என் கோட்டை நீட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அவனுடையதைக் குறைக்கச் சொல்லி எழுதினேன். அவன் அறை கட்டினால் பின்வளவில் சாடியில் நிற்கும் எங்கள் புனிதத் துளசிக்கு நிழல் விழும் என்று, எனக்குத் தெரிந்த ஜெர்மனில். கடிதத்தைப் பிள்ளையாரின் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தபாலில் போட்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஆட்சேபணை ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் பதில் எழுத, சபை அதைப் பார்த்துத்தான் வாக்கெடுக்கும். பெயரை எடுத்துவிட்டு இலக்கம் போடுவார்கள் என்பதால் பயமில்லாமல் சகலனோடு கூட்டத்துக்குப் போனேன். அவன் போனில் அந்தப் பதில்களை வாசித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் இலக்கத்தில் விரல் நின்றது. புனிதத் துளசிச் செடி. கோடையில் நிழல் விழாது, ஆட்சேபணை ஏற்கப்படவில்லை.

“அண்ணை, எங்கட தெருவில ஜெர்மன்காரர் ஆரும் துளசி வளர்க்கினமோ?”

“தெரியாது தம்பி.”

“வளர்க்கினம் போல. நல்ல பக்தியான ஆக்கள்.”

முன்னால் உறுப்பினர்கள் கையை உயர்த்தினார்கள். திட்டம் நிறைவேறியது. இனி நகரசபை அதை வெளியிட்டால் அதுதான் சட்டம்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு அவன் சொன்னான்:

“கூரையை உங்கட பக்கம் உயரம் குறைச்சுப் போடச் சொல்றன், அண்ணை. துளசிக்கு வெயில் வேணுமெல்லே.”

உள்ளே போய் அலுமாரியைத் திறந்து விளக்கேற்றினேன். அறையையும் அவனுக்குக் கொடுத்து நல்ல மனத்தையும் அவனுக்கே கொடுத்தாயா என்று பிள்ளையாரைக் கேட்டேன். முதலாவதைவிட இரண்டாவதுதான் கூட எரிந்தது.