மேடையில் செத்தவரை எழுப்பியவள்

மேடையில் மல்லப்பன் செத்து விழுந்தால் அவரை எழுப்பிவிடுவது நாச்சம்மாளின் வேலை. அவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட வருஷத்திலிருந்து அப்படித்தான்.

கொள்ளேகால் பக்கத்தில் ராகி விதைத்த குடும்பம் மல்லப்பனுடையது. ஆறடி உடம்பு. நாலு வயல் தாண்டிக் கேட்கும் குரல். அந்தக் குரலுக்காகவே நாடகக் கம்பெனி முதலாளி நஞ்சுண்டசாமி அவரை மைசூருக்குக் கூட்டிவந்து மேகதந்தன் வேஷம் கட்டிவிட்டார்.

மேகதந்தன் ஓர் அசுரன். அவனைப் பெற்றவளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அந்த ஆத்திரத்தில் உலகத்து மேகங்களையெல்லாம் பிடித்துக் குகையில் அடைத்தான். ஊர் உலகம் வறண்டது. சண்டைக்கு வந்த இளவரசனால் நேருக்கு நேர் நின்று ஜெயிக்க முடியவில்லை. அசுரன் தாய்க்கு விளக்கேற்றக் குனிந்த சமயம் பார்த்து இளவரசன் அம்பை விட்டான். விட்ட பிறகு அவனே உட்கார்ந்து அழுதான். "முதல் மழை எங்க அம்மா போன ஆத்தங்கரையில பெய்யட்டும்" என்று கேட்டுக்கொண்டு அசுரன் கண்ணை மூடுவான். கூடாரத்தில் மூக்கைச் சிந்தாத ஆள் இருக்காது.

அப்போது நாச்சம்மாள் மேடையேறுவாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர்த் தட்டு, நடுவே வெற்றிலை மேல் சூடம். மூன்று சுற்றுச் சுற்றி, "எழுந்திரிங்க" என்பாள். மல்லப்பன் எழுந்து சபையைக் கும்பிடுவார். செத்தவரை எழுப்பாமல் திரையை விட்டால் அந்தச் சாவு வீடு வரைக்கும் கூடவே வரும் என்பது கம்பெனியில் எல்லாரும் நம்பியது. ஹனூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் அந்த ஆரத்தித் தண்ணீரைச் செம்பில் வாங்கிப்போய் வயலில் தெளிப்பார்கள், மழை வருமென்று. அசுரன் கையில் குழந்தையைக் கொடுத்து வாங்குவார்கள். கெட்டவன் வேஷம் போட்டவருக்கு அவ்வளவு மரியாதை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் எல்லாம் மாறிப்போயிற்று. அக்ரஹாரத்திலிருந்து பி.ஏ. படித்த ஸ்ரீனிவாசராகவன் ஒரு புது நாடகம் எழுதிக்கொண்டு வந்தான். கதாநாயகன் காலேஜ் பையன், ஏழு பாட்டு, ஒரு குற்றம் கிடையாது. கெட்டவன் ஒரு சாராயக் குத்தகைக்காரன். மல்லப்பனுக்கு அந்த வேஷம். பாட்டும் இல்லை, கிரீடமும் இல்லை. கடைசியில் கதாநாயகன் தடியால் அடிக்க, செத்து விழ வேண்டும். ஜனங்கள் கைதட்டும்போதே திரை விழுந்துவிடும்.

முதல் நாள் தட்டோடு போன நாச்சம்மாளை நஞ்சுண்டசாமி மறித்தார்.

"வேண்டாம்மா, வேண்டாம். இது சோஷியல் நாடகம். குத்தகைக்காரனுக்கு ஆரத்தி எடுத்தா ஜனங்க சிரிப்பாங்க. தட்டைக் கீழே வை."

அன்றிலிருந்து பிடித்தது பீடை. மார்க்கெட்டில் பூக்காரி மல்லப்பனுக்குப் பூ தரமாட்டேன் என்றாள். ஜட்கா வண்டிக்காரன் ஏற்றிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுச் சித்தம்மா தன் பேத்தியை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். ஒருநாள் காலையில் ஒருவன் செம்போடு வாசலில் வந்து நின்றான்.

"சாமி, ஒரு படி ஊத்துங்க."

"என்னத்த?"

"சாராயந்தான். குத்தகை உங்களுதுன்னு நாடகத்துல பார்த்தனே!"

பெயருக்குக்கூடக் கள்ளைத் தொடாத மனுஷன் மல்லப்பன். சிரித்துத்தான் அனுப்பினார். ஆனால் அன்று சோற்றில் கை வைத்தவர் அப்படியே எழுந்துவிட்டார். விடிந்ததும் பாடுகிற பழக்கத்தையும் நிறுத்தினார். ராவெல்லாம் இருமல்.

"பதினோரு தடவை செத்துட்டீங்க," என்றாள் நாச்சம்மாள். "ஒருத்தரும் எழுப்பலீங்க."

"நாடகந்தானே புள்ளே."

"மேகதந்தனும் நாடகந்தானுங்களே. அப்ப மட்டும் எதுக்கு எழுப்புனோம்?"

நாச்சம்மாள் நேராக ஒத்திகைக் கொட்டகைக்குப் போனாள்.

"சாமி, நீங்க எழுதுன ஆளு எதுக்குங்க கெட்டவனானான்?"

ஸ்ரீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான். "காரணமெல்லாம் கெடையாதும்மா. ஊர்ல நடக்கறதைத்தான் எழுதறேன். அசுரனைப் பாத்துட்டு, அக்கிரமமெல்லாம் எங்கேயோ குகையில நடக்கறதுன்னு ஜனங்க நிம்மதியாத் தூங்கப் போயிடறா. என் கெட்டவன் அவா தெருவுலேயே இருக்கான். அது தெரியணும்."

அதில் நியாயம் இருக்கிறது என்று நாச்சம்மாளுக்கே பட்டது. அதற்காக விட்டுவிடுவாளா?

"தெருவுல இருக்கறவன் எங்கூட்டுக்காரரு ஆயிட்டாருங்களே. நெசமான குத்தகைக்காரன் முன்வரிசை நாற்காலியில உக்காந்து கைதட்டறான், நானே பாத்தேன். அசுரனைக் கொன்ன இளவரசன்கூட, மறைஞ்சு நின்னு அடிச்சோமேன்னு அழுதான். உங்க பையன் ஒரு ஆளை அடிச்சுக் கொன்னுபோட்டுப் பாட்டுப் பாடறான். நெம்ப நல்லவனுங்களோ? அட, கெட்டவனுக்கு ஒரு பேராச்சும் வெச்சீங்களா?"

"குத்தகைக்காரர்னு போட்டிருக்கே."

"அது வேலைங்க. பேரு எங்கே?"

அவன் பக்கத்தில் நின்ற முதலாளியைப் பார்த்தான். முதலாளி கூரையைப் பார்த்தார். பிறகு, "மேடைப்பக்கம் வந்தா உனக்கும் உன் புருஷனுக்கும் நாளையிலேருந்து வேலை இல்லை" என்றார்.

"சரிங்க" என்றாள் நாச்சம்மாள். எதற்குச் சரி என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆட்டம். பெண்கள் பக்கம் நிரம்பி வழிந்தது. தடி விழுந்தது, மல்லப்பன் சரிந்தார், சபை கூச்சல் போட்டுக் கைதட்டியது. திரைக் கயிற்றை இழுக்கப் போனவன் கையைத் தட்டிவிட்டு நாச்சம்மாள் சூடத்தை ஏற்றிக்கொண்டு நடு மேடைக்கு வந்தாள்.

"யாரம்மா அது? எறங்கு!" "குத்தகைக்காரன் பொண்டாட்டி டோய்!" ஒரு வாழைப்பழத்தோல் அவள் தோளில் விழுந்தது. கதாநாயகன் தடியோடு விழித்தான். ஓரத்திலிருந்து நஞ்சுண்டசாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"கத்துங்க," என்றாள் அவள். "நல்லாக் கத்துங்க. சாராயம் வித்தவனை வையுங்க, நானும் கூட வையறேன். ஆனா அவனை உங்களுக்குக் காட்டறதுக்காக இந்த மனுசன் தெனமும் அடிபட்டுச் சாவறார். எழுப்பாமப் போகமாட்டேன்."

மூன்று சுற்றுச் சுற்றினாள். "எழுந்திரிங்க."

மல்லப்பன் அசையவில்லை. எழுந்தால் வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். சூடம் பாதி எரிந்துவிட்டது. அவள் தட்டைக் கீழே இறக்கவில்லை.

"நானும் இங்கதான் நிக்கறேனுங்க," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் கண்ணைத் திறந்தார். கையை ஊன்றி எழுந்து சபையைக் கும்பிட்டார். கூச்சல் போட்டவர்களில் பாதிப் பேர் போட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து நாலைந்து பேர் எழுந்து வந்து மேடையோரம் ஆரத்தித் தண்ணீருக்குக் கை நீட்டினார்கள், பழைய வழக்கப்படி. சித்தம்மா வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

வேலை போயிற்று. எட்டாம் நாள் ஸ்ரீனிவாசராகவன் வீட்டுக்கே வந்து வாசலில் நின்றான். வேறு ஆள் போட்டும் நாடகம் எடுபடவில்லை. முதலாளி மல்லப்பனைத் திரும்பக் கூப்பிட்டார், ஆரத்திக்கும் சம்மதித்துவிட்டார்.

"அந்தக் குத்தகைக்காரனுக்கு ஒரு பேர் வைக்கணும். என்ன வைக்கட்டும்?"

நாச்சம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"என்னைக் கேட்டா? அவனைப் பெத்தவளைக் கேளுங்க."

அவன் போய் நாடகத்தைத் திருத்தி எழுதினான். அதில் குத்தகைக்காரனுக்கு ஒரு தாய் வந்தாள், அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் விற்ற சாராயத்தைக் குடித்தே செத்தவனுடைய தாயோடு ஒரே பாயில் உட்கார்ந்து அவளும் அழுதாள். அதற்கப்புறம் பூக்காரி பூக் கொடுத்தாள். முறைத்துக்கொண்டுதான், ஆனாலும் கொடுத்தாள்.

நாற்பத்தாறாம் வருஷம் மல்லப்பன் நெஞ்சு வலி வந்து செத்துப்போனார். பந்தலில் கிடத்தியிருந்தபோது நாச்சம்மாள் உள்ளே போய் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தாள். சொந்தக்காரர்கள் பதறினார்கள். "பொணத்துக்கு ஆரத்தியா? ஊரு உலகத்துல உண்டா?"

"இத்தனை வருசம் எடுத்தவ நானு. இன்னிக்கு மட்டும் விட்டுருவனா? தள்ளுங்க."

மூன்று சுற்றுச் சுற்றினாள். எழுந்திரிங்க என்று சொன்னாள். சூடம் முழுதாக எரிந்து அணையும் வரை நின்று பார்த்தாள். பிறகு தண்ணீரைத் தெருவில் கொட்டிவிட்டு, "இனித் தூக்குங்க" என்றாள்.