அம்மை குத்தும் அம்மாள் படித்த மானிடவியல்

எழுபதுகளின் தொடக்கத்தில் நந்தனத்தில் ஒரு மாலைக் கல்லூரியில் மானிடவியல் படித்தேன். என் பக்கத்தில் உட்காருபவர் சுகாதாரத் துறையில் அம்மை குத்தும் அம்மாள். நாற்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவையில் எப்போதும் டெட்டால் வாசனை. யாரைப் பார்த்தாலும், "உங்க வீட்டுல யார் பேச்சு எடுபடும்?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார்.

"இதைப் படிச்சு உங்களுக்கு என்னம்மா ஆகப்போகுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை கொட்டிவாக்கம் வாங்க சார், காட்டுறேன்."

போனேன். அந்த மீனவர் குப்பத்தில் அதற்கு முன் மூன்று முறை அவரைப் பார்த்ததுமே கதவைச் சாத்தியிருந்தார்கள். அன்று அவர் போனதும் ஊசிப் பையைத் திறக்கவில்லை. மணலில் உட்கார்ந்து, யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்டுக் கேட்டு, வகுப்பில் கற்றபடி விரலால் கோடு போட்டார். வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் சிரித்துக்கொண்டே தப்பைத் திருத்தினார்கள். மீன் விற்கும் ஒருத்தியே முக்கால்வாசி வீடுகளுக்கு மூத்த நாத்தனார், அவள் பேச்சுதான் எடுபடும் என்று தெரிந்தது. அவளைத் தேடிப் போய் வெகுநேரம் பேசினார்.

"இத்தினி நாளா அல்லாரும் ஊசிய நீட்டிக்கினுதான் வந்தாங்க. நீ ஒருத்திதான் குந்தி எங்களைப் பத்திக் கேட்ட," என்ற அவள், தன் கடைசிப் பிள்ளையின் கையை முதலில் நீட்டினாள். பிறகு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குழந்தைகள் வந்தன.

ஆண்டுத் தேர்வில் உறவுமுறை பற்றிக் கேள்வி வந்தபோது, பாடப்புத்தகத்தை விட்டுவிட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதினேன். அந்தத் தாளில்தான் எனக்கு அதிக மார்க். அவரிடம் சொல்லலாமென்று போனால், மாற்றலாகிப் போயிருந்தார். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.