கொப்பில் இருந்த இரண்டு

கபிலன் வலக்கைக் கையுறையை மட்டும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். கைப்பேசியை உயர்த்தி ஒரே ஒரு படம். உடனே கை மறுபடியும் உறைக்குள் போய்விடும். எண்ணிப் பார்த்தால் பத்து விநாடிகூட ஆகாது. ஆடி மாதம் இந்த நாட்டில் நடுக்குளிர்காலம்; பென்டில் ஹில் பூங்காவில் காலை ஒன்பது மணிக்கும் மரநிழலில் வெண்பனி கரையாமல் கிடக்கும்.

படத்தில் விழுவது யூக்கலிப்டஸ் கொப்பில் ஒட்டிக்கொண்டு கண்மூடியிருக்கும் இரண்டு தவளைவாயன் பறவைகள். ஆந்தையின் சாயல், மரப்பட்டையின் நிறம். நாயோடு நடக்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தாலும் பட்ட கட்டை என்று நினைத்துப் போய்விடுவார்கள். தன் கண்ணுக்கு மட்டும் அகப்பட்டதில் கபிலனுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவருக்கு வேலை. உறைந்த கோழியும் பட்டாணியும் அடுக்கிவைக்கும் குளிர்க்கிடங்கு. உள்ளே மைனஸ் இருபது. பதினோரு வருடம் அங்கே நின்றவரிடம் குளிரைப் பற்றி வாய்கொடுத்தால் லேசில் மீள முடியாது.

"ஜாக்கெட் சூடு தராது. அதுக்குள்ளை அடைபட்டு நிக்கிற காத்துத்தான் சூடு. அதுக்குத்தான் இந்தப் பறவையளும் இறகை உப்பவச்சுக்கொண்டு இருக்குதுகள்" என்பார். இரவில் உடம்புச் சூட்டைக் குறைத்து, காலையில் வெயில் காய்ந்து, ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்து குளிர்காலத்தைக் கடத்துமாம். "வேறை ஊருக்குப் பறக்காதுகள். இருந்த இடத்திலையே தாக்குப்பிடிக்குங்கள்."

ஒரே வீட்டில் அறையெடுத்திருக்கும் சுஜீதனுக்கு இதெல்லாம் வேடிக்கை. "அண்ணை, வேலையிலை விறைச்சது காணாதெண்டோ காலமையும் போய் விறைக்கிறியள்?" கபிலன் சிரித்து மழுப்பிவிடுவார்.

படம் கிளிநொச்சிக்குப் போகிறது. மனைவி நிரூபா அங்கே இருக்கிறார். பதின்மூன்று வருடத்துக்கு முன் படகில் வந்தவர் கபிலன். கையில் இருப்பது இன்னும் தற்காலிக விசாதான். மனைவியைக் கூப்பிட வழியில்லை. போனால் திரும்ப முடியாது. தொலைபேசியில் பேசிப் பேசிப் பேச்சும் தீர்ந்துபோன காலத்தில்தான் இந்தப் பறவைகள் கிடைத்தன. படத்தைப் பார்க்காமல் நிரூபா அடுப்பு மூட்டுவதில்லை.

இந்தச் சித்திரையிலும் தற்காலிக விசாவே நீட்டிக்கப்பட்டபோது நிரூபா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த ரெண்டும் ஒண்டா இருக்கிற வரைக்கும் நானும் உங்களைப் பாத்துக்கொண்டிருப்பன். பிறகு என்னைக் கேக்காதேங்கோ." கபிலனுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன திங்கட்கிழமை கொப்பில் ஒன்றுதான் இருந்தது. மரத்தடியில் இறகு கிடக்கிறதா என்று தேடினார். ஓடைக்கரை, வீதியோரம் எல்லாம் பார்த்தார். பயம் பிடித்துக்கொண்டது. போன வருடப் படமொன்றைத் தேடி எடுத்து அனுப்பினார். செவ்வாயும் அப்படியே. புதனும்.

புதன்கிழமை கைப்பேசி அடித்தது.

"இஞ்சருங்கோ, முறிஞ்ச கொப்பு திரும்பப் பொருந்திட்டுதோ?"

போன மாதக் காற்றுக்குப் பக்கத்துக் கொப்பு முறிந்த கதையை வாய் வலிக்கச் சொன்னவரே கபிலன்தான். பழைய படத்தில் அது முறியாமல் நின்றது. இத்தனை வருடமும் புருஷனைச் சின்னத் திரையிலேயே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தப்புமா?

"மற்றது எங்கை?"

"தெரியாது நிரூ. மூண்டு நாளாக் காணேல்லை."



"நாளைக்கு உள்ளதை உள்ளபடி எடுத்து அனுப்புங்கோ." தொடர்பு அறுந்தது.

இன்று வியாழன். பறவை அதே இடத்தில், இரண்டு மடங்காக உப்பிக்கொண்டு இருக்கிறது. பக்கத்தில் மற்றதன் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. கபிலன் கையுறையைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்புகிறார். அங்கே விடியப்புறம் நாலரை. நிரூபா எழும்பும் நேரம்.

இரண்டு சரிக்குறிகளும் நீலமாகின்றன. பதில் வரவில்லை.

பத்து விநாடி போகிறது. பத்து நிமிடம் போகிறது. விரல்நுனிகள் வெளுத்துவிட்டன. எத்தனை நிமிடத்தில் மரத்துப்போகும் என்று அவருக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். கையுறை இன்னும் கக்கத்திலேயே இருக்கிறது.